கருப்பைவாய்ப் பரிசோதனைக்குப் போயே ஆகணுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே இருக்கும் கேள்விகள் பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை. சிலர் பயத்தோடு கேட்பார்கள், சிலர் எரிச்சலோடு, சிலர் பக்கத்தில் யாரும் இல்லாதபோது தாழ்ந்த குரலில். அவரவர் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம்.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தப் பரிசோதனை பெரும்பாலான பெண்களுக்கு நன்மை செய்கிறது என்று நம்புகிறோம். அதற்காக ஒரு பெண்ணை மிரட்டியோ வெட்கப்படுத்தியோ படுக்கவைப்பதை ஏற்க மாட்டோம். ரத்தப்போக்கு போன்ற அறிகுறி உள்ளவர்கள் மற்றதை விட்டுவிட்டு 3-ஆம் கேள்வியைப் படியுங்கள்.

1. இந்த டெஸ்ட் எடுத்தா கேன்சர் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடுமா?

இது புற்றுநோயைக் கண்டுபிடிக்க ஏற்பட்ட டெஸ்ட் இல்லை. புற்றுநோயாக மாறக்கூடியதை முன்கூட்டியே பிடிக்க ஏற்பட்டது. கருப்பையின் கீழ்முனை யோனியின் உச்சியில் வந்து முடிகிற இடம்தான் கருப்பைவாய். அங்கே இரண்டு வகை செல்கள் ஒன்றையொன்று தொடும் ஒரு வளையம் இருக்கிறது. இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் அந்த வளையத்தில்தான் தொடங்குகிறது. பரிசோதனையில் உரசி எடுப்பதும் அங்கிருந்துதான்.

காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். அதில் பல வகைகள் உண்டு. 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே இந்தப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணம். தாம்பத்திய உறவு கொண்ட பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது தொற்றும். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். விரட்ட முடியாமல் தங்கிவிட்டால்தான் செல்கள் மெல்ல மாறுகின்றன. அது புற்றுநோயாக முற்ற வழக்கமாக 15 முதல் 20 ஆண்டு ஆகிறது. எச்.ஐ.வி. போன்ற காரணத்தால் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டு போதும். இந்த நீண்ட இடைவெளி இருப்பதால்தான் பரிசோதனையால் பலன் கிடைக்கிறது.

2. பாப் ஸ்மியரும் எச்.பி.வி. டெஸ்ட்டும் ஒண்ணுதானே?

படுக்கையில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆய்வகத்தில்தான் வேறாகின்றன. பாப் ஸ்மியரில் செல்களின் உருவத்தை நுண்ணோக்கியில் ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்கிறார். எச்.பி.வி. டெஸ்ட்டில் வைரஸின் மரபணு இருக்கிறதா என்று இயந்திரம் தேடுகிறது. கனடாவில் நடந்து 2007-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், கவனிக்க வேண்டிய மாற்றங்களில் பாப் ஸ்மியர் பிடித்தது சுமார் 55 சதவீதம், எச்.பி.வி. டெஸ்ட் பிடித்தது சுமார் 95 சதவீதம்.

அதனால் உங்களுக்கு எடுப்பது எது என்று கேளுங்கள். அடுத்த தடவை எப்போது வரவேண்டும் என்பதும் (7-ஆம் கேள்வி), வீட்டிலேயே எடுக்க முடியுமா என்பதும் (10-ஆம் கேள்வி) அதைப் பொறுத்தது.

3. எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. நல்லா இருக்கறப்ப எதுக்குப் போகணும்?

நன்றாக இருப்பவர்களுக்கானதுதான் இந்தப் பரிசோதனை. செல் மாற்றத்துக்கு வலியோ ரத்தமோ எந்த அடையாளமோ கிடையாது.

உறவுக்குப் பின் ரத்தம், இரண்டு மாதவிடாய்க்கு நடுவே ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டானாலும் ரத்தம், வழக்கத்துக்கு மாறான நாற்றமோ நிறமோ உள்ள வெள்ளைப்படுதல், விடாத அடிவயிற்று வலி என்று ஏதாவது இருந்தால், நீங்கள் நிற்கும் இடமே வேறு. அப்போது தேவை மருத்துவரின் நேரடிச் சோதனை. அழைப்புக் கடிதத்துக்குக் காத்திருக்காதீர்கள். “போன வருஷ டெஸ்ட் நார்மல்தானே” என்று தள்ளிப்போடவும் வேண்டாம். எந்த டெஸ்ட்டும் சிலவற்றைத் தவறவிடும். வழக்கமான பரிசோதனை வேண்டாம் என்று முடிவெடுத்த பெண்ணும் அறிகுறி வந்தால் போகவேண்டும். அந்த முடிவு இதைத் தடுக்காது.

4. மூணு கடுதாசி வந்துடுச்சு. போகலைன்னா ஏதாவது பண்ணுவாங்களா? இது கட்டாயமா?

கட்டாயமில்லை. அந்தக் கடிதம் ஓர் அழைப்பு. பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு கணினி அனுப்புகிறது, பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புகிறது. ‘உங்கள் பரிசோதனை நிலுவையில் உள்ளது’ என்று வரி பாக்கி கேட்பதுபோல எழுதினால் யாருக்கும் பதறத்தான் செய்யும். போகாததால் உங்களுக்குக் கிடைக்கவேண்டிய மற்ற மருத்துவம் எதுவும் நிற்கக்கூடாது.

சில இடங்களில் நெருக்கடி அதிகமாவதற்கு ஒரு காரணம் உண்டு. பிரிட்டனில் 1990-ல் வந்த குடும்ப மருத்துவர் ஒப்பந்தத்தில், பட்டியலிலுள்ள தகுதியான பெண்களில் 80 சதவீதத்தினருக்குப் பரிசோதனை முடிந்திருந்தால் மருத்துவருக்கு உயர்ந்த தொகை, 50 சதவீதமென்றால் குறைந்த தொகை என்று வைத்தார்கள். பரிசோதனை பரவலாக அது உதவியது. கூடவே, ‘வேண்டாம்’ என்று சொல்லும் பெண் கணக்கில் ஒரு குறையாகத் தெரியும் நிலையும் வந்தது. இலக்கு வைத்து நடத்தும் எந்தத் திட்டத்திலும் இந்த ஆபத்து இருக்கிறது. செவிலியர் அவசரப்படுத்தினால் அது உங்கள் உடம்பு பற்றிய அவசரம்தானா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

5. உண்மையிலேயே எத்தனை பேரு பிழைக்கிறாங்க? பயமுறுத்தாம நம்பரைச் சொல்லுங்க.

2022-ல் உலகம் முழுக்க சுமார் 6,60,000 பெண்களுக்கு இந்த நோய் வந்தது, சுமார் 3,50,000 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒழுங்கான பரிசோதனைத் திட்டமோ சிகிச்சை வசதியோ எட்டாத நாடுகளில் இருந்தவர்கள். பின்லாந்து 1960-களிலேயே திட்டம் தொடங்கி, 5 ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் அழைத்து, நோயைச் சுமார் 80 சதவீதம் குறைத்தது. நாட்டுக் கணக்கில் பார்த்தால் பலன் சந்தேகமில்லாதது.

ஒரு தனிப்பெண்ணின் கணக்கு வேறு மாதிரி இருக்கும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதிப் பதிவுகளை வைத்து 2003-ல் வெளியான ஆய்வு, ஒரு மரணத்தைத் தடுக்க 1,000 பெண்களை 35 ஆண்டுகள் தொடர்ந்து சோதிக்கவேண்டும் என்று கணக்கிட்டது. அந்த ஒரு மரணம் தடுக்கப்படும் காலத்தில் 150 பெண்களுக்கு மேல் ‘மாற்றம் உள்ளது’ என்ற முடிவு வரும், ஏறத்தாழ 80 பேர் மேல்சோதனைக்கு அனுப்பப்படுவார்கள், 50 பேருக்கு மேல் திசுவிலும் மாற்றம் காணப்படும். பரிசோதனைக்கு வந்தும் ஒரு பெண் இறப்பார். இது பழைய பாப் ஸ்மியர் காலத்துக் கணக்கு. எச்.பி.வி. டெஸ்ட்டும் தடுப்பூசியும் வந்தபின் எண்கள் மாறும். ஆனாலும் இதைச் சொல்லாமல் ‘உயிரைக் காக்கும் டெஸ்ட்’ என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. பலன் பெறப்போகும் அந்த ஒருத்தி யார் என்று முன்கூட்டித் தெரியாது என்பது மீதிப் பாதி.

6. டெஸ்ட்தானே, எடுத்தா என்ன கெட்டுடப்போகுது?

உரசி எடுப்பதால் ஏறக்குறைய ஒன்றும் கெடாது. ஒரு நாள் லேசாக ரத்தம் படலாம், அவ்வளவுதான். கெடுதல் அதற்குப் பிறகு வரும் படிகளில் இருக்கிறது. தானே சரியாகிவிட்டிருக்கும் மாற்றத்துக்கும் சிகிச்சை நடந்துவிடலாம். முடிவுக்குக் காத்திருக்கும் வாரங்களில் தூக்கம் போகும். ‘மாற்றம்’ என்ற சொல்லைப் புற்றுநோய் என்று எடுத்துக்கொண்டு உடைந்துபோகிறவர்கள் நிறைய.

இனிப் பிள்ளை பெற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாறிய பகுதியை மின்கம்பி வளையத்தால் வெட்டி எடுப்பது வழக்கமான சிகிச்சை. வெட்டும் ஆழம் கூடக்கூட, பிற்பாடு குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பும் கூடுகிறது. 10 மில்லிமீட்டருக்கு மேல் போகும்போது அது தெளிவாகத் தெரிகிறது. சிகிச்சைக்கு முன் ‘எவ்வளவு ஆழம் எடுப்பீர்கள், எனக்கு இன்னும் குழந்தை வேண்டும்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

7. வருஷா வருஷம் எடுக்கச் சொல்றாங்க. எத்தனை வயசுல, எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை போனா போதும்?

வருடந்தோறும் தேவையில்லை. 1-ஆம் கேள்வியில் சொன்ன 15–20 ஆண்டுக் கணக்கை நினைத்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்: எச்.பி.வி. டெஸ்ட், 30 வயதிலிருந்து, 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு 25 வயதிலிருந்து, 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை. பாப் ஸ்மியர் மட்டும் என்றால் 3 ஆண்டு. நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். ஆஸ்திரேலியா 2017 முதல் 25 வயதிலிருந்து 74 வரை 5 ஆண்டுக்கு ஒருமுறை எச்.பி.வி. டெஸ்ட் செய்கிறது.

இருபது வயதுப் பெண்ணுக்கு எடுத்தால் எச்.பி.வி. தென்பட வாய்ப்பு மிக அதிகம், அதில் பெரும்பகுதி தானே போய்விடும். தேவையில்லாத சிகிச்சைதான் மிஞ்சும். முந்தைய முடிவில் மாற்றம் இல்லாதபோதும் வருடாவருடம் வரச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

8. வலிக்குமா? என்னதான் பண்ணுவாங்க?

இடுப்புக்குக் கீழ் உடையைக் கழற்றிவிட்டு, மேலே விரிப்பு போர்த்திக்கொண்டு, முழங்காலை மடித்து மல்லாந்து படுக்கவேண்டும். ஸ்பெகுலம் என்ற கருவியை யோனிக்குள் மெதுவாகச் செலுத்தித் திறப்பார்கள். வாத்தின் அலகுபோல இருக்கும், பிளாஸ்டிக்கிலும் உலோகத்திலும் உண்டு. கருப்பைவாய் தெரிந்ததும் மென்மையான துடைப்பம் போன்ற தூரிகையை வைத்து ஐந்து சுற்றுச் சுற்றுவார்கள். உரசுவது சில விநாடி. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடத்துக்குள் முடியும்.

பலருக்கு அது அசௌகரியத்தோடு போய்விடும். வலித்தால் அதற்குப் பெரும்பாலும் காரணம் இருக்கும், சரிசெய்யவும் முடியும். ஸ்பெகுலம் பெரிதாக இருக்கலாம்: சிறிய அளவு கேளுங்கள். காய்ந்து, குளிர்ந்து இருக்கலாம்: வெதுவெதுப்பான நீரில் நனைக்கச் சொல்லுங்கள். ஜெல் தடவலாம், ஆனால் மிகக் கொஞ்சம். அதிகமானால் மாதிரி கெட்டுவிடும். கருப்பை பின்பக்கம் சாய்ந்திருந்தால் கருப்பைவாயைத் தேடித் துழாவுவார்கள்: இரண்டு கையையும் முஷ்டியாக்கி இடுப்புக்கு அடியில் வைத்துத் தூக்கிக் கொடுத்தால் எளிதில் தெரியும். ஒருக்களித்துப் படுத்தும் எடுக்கலாம். முனையை நீங்களே உள்ளே செலுத்திக்கொள்ளவும் கேட்கலாம். மாதவிடாய் நின்றபின் உலர்ந்துபோயிருந்தால் மருத்துவர் எழுதித்தரும் ஈஸ்ட்ரோஜன் கிரீமைச் சில வாரம் முன்பே தடவிவந்தால் வித்தியாசம் தெரியும்.

மாதவிடாய் நாட்களில் போகவேண்டாம். இரண்டு நாள் முன்னதாக யோனிக்குள் வைக்கும் மருந்து, கிரீம் எதையும் நிறுத்துங்கள். ரத்தமோ சளியோ கலந்தால் ‘மாதிரி போதவில்லை’ என்று வரும், சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கவேண்டியிருக்கும். அப்படி வந்தால் நோய் என்று அர்த்தமில்லை.

9. சின்ன வயசுல நடந்த ஒண்ணால என்னால அந்தப் படுக்கையில படுக்கவே முடியல. இதை எப்படிச் சொல்றது?

நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. ‘இந்தச் சோதனை எனக்கு மிகவும் கஷ்டம். மெதுவாகச் செய்யுங்கள், நான் நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துங்கள்’ என்ற வார்த்தைகள் போதும். சொல்ல வரவில்லை என்றால் தாளில் எழுதிக் கொடுங்கள். பெண் மருத்துவர், துணைக்கு ஓர் ஆள், இரட்டை நேரம், முதல் நாள் பேச்சு மட்டும் என்று எதையும் கேட்கலாம். கையை உயர்த்தினால் நிறுத்தவேண்டும் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெகுலம் உள்ளே போனபிறகும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். “ஒரு நிமிஷம் பொறுத்துக்கோங்க, முடிஞ்சிடுச்சு” என்று தொடர்வது தவறு, எந்த நல்ல நோக்கத்தோடு செய்தாலும். நெருக்கி எடுத்த ஒரு பரிசோதனை அந்தப் பெண்ணை அடுத்த இருபது ஆண்டுக்கு மருத்துவமனைப் பக்கமே வராமல் செய்துவிடும். ரத்தம் வரும் நாளிலும் அவர் வரமாட்டார். நெருக்குவதை நாங்கள் எதிர்க்க இதுதான் முதல் காரணம். உங்களுக்கு அடுத்த பதிலில் உள்ள வழி ஏற்றதாக இருக்கலாம்.

10. நானே வீட்ல எடுத்துக்கலாம்னு கேள்விப்பட்டேன். அது சரியா இருக்குமா?

எச்.பி.வி. டெஸ்ட்டுக்கு மட்டும் முடியும். வைரஸின் மரபணுவைப் பெருக்கித் தேடும் பி.சி.ஆர். முறையில், நீங்கள் எடுத்த மாதிரியும் மருத்துவர் எடுத்ததும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் துல்லியம். ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல், பரிசோதனைக்குரிய எல்லாப் பெண்களும் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

கையைக் கழுவி, குத்துக்காலிட்டோ ஒரு காலை உயர்த்தி வைத்தோ நின்றுகொள்ளுங்கள். பஞ்சுக் குச்சியின் முனையைத் தொடாமல், அடையாளக் கோடு வரை, சுமார் 5 சென்டிமீட்டர், உள்ளே விட்டு 20 முதல் 30 விநாடி மெதுவாகச் சுழற்றி எடுத்துக் குழாயில் போட்டு மூடவேண்டும். கருப்பைவாயைத் தொடவேண்டியதில்லை, யோனிச் சுவரில் பட்டால் போதும். குச்சி கீழே விழுந்தாலோ குழாயில் உள்ள திரவம் சிந்தினாலோ வேறு வாங்குங்கள், துடைத்துவிட்டு அனுப்பாதீர்கள். சில பெட்டிகளில் அளவுகள் சற்று மாறும், உள்ளேயுள்ள தாளைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இதில் ஒரு வரம்பு இருக்கிறது. இந்த மாதிரியில் கருப்பைவாய்ச் செல்கள் இருக்காது. வைரஸ் இருப்பதாக வந்தால், 16 அல்லது 18 வகைக்கு நேராகக் கொல்போஸ்கோப்பிக்கும் (கருப்பைவாயை உருப்பெருக்கியால் பார்ப்பது, 19-ஆம் கேள்வி), மற்ற வகைக்கு முதலில் ஸ்பெகுலம் வைத்து எடுக்கும் மாதிரிக்கும் போகவேண்டியிருக்கும். அதற்குத் தயாரா என்று முன்பே யோசித்துக்கொள்வது நல்லது. அறிகுறி உள்ளவர்களுக்கு இந்த வழி போதாது.

11. எனக்குக் கல்யாணம் ஆகல. / எனக்கு வீட்டுக்காரரைத் தவிர யாரையும் தெரியாது. எனக்கும் தேவையா?

இரண்டு கேள்விக்கும் இரண்டு பதில். யாரோடும் எந்த வகை உடலுறவும் இல்லாதவர்களுக்கு ஆபத்து மிக மிகக் குறைவு, பரிசோதனையைத் தவிர்ப்பது நியாயமான முடிவு. கல்யாணம் ஆனதா என்று கேட்டு இதைத் தீர்மானிக்க முடியாது. உங்கள் உறவு வரலாற்றை எல்லோர் முன்னாலும் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. ‘எனக்கு இது பொருந்தாது’ என்று நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரே துணை என்பது ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. அவருக்கு முன்பு எப்போதோ வந்த வைரஸ் போதும். பெண்களோடு மட்டும் உறவுள்ளவர்களுக்கும் இது பொருந்தும், வைரஸ் தோலோடு தோல் பட்டே பரவுகிறது.

12. எனக்கு எச்.பி.வி. பாசிட்டிவ். அப்ப என் வீட்டுக்காரர் தப்பு பண்ணிருக்காரா?

இந்த டெஸ்ட்டை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. வைரஸ் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடந்து பிறகு தென்படும். யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது என்று எந்த ஆய்வகமும் சொல்லாது. உங்களைப் பார்த்து அவர் இதே கேள்வியைக் கேட்டாலும் பதில் இதுதான்.

பாசிட்டிவ் என்று வந்து செல்கள் நார்மலாக இருந்தால் பெரும்பாலும் 12 மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். உடம்பு விரட்டுவதற்குக் கொடுக்கும் அவகாசம் அது. புகைப்பவர்கள் நிறுத்தினால் உடம்புக்கு உதவி.

13. தடுப்பூசி போட்டாச்சு. இனிமே வேண்டாம்தானே?

ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது. இங்கிலாந்தில் 12–13 வயதில் ஊசி பெற்ற பெண்களிடம் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்ததாக 2021-ல் ஆய்வு வந்தது. ஆனால் ஊசி எல்லா வகைகளையும் தடுக்காது, உறவு தொடங்கியபின் போட்டால் பலன் குறையும். அதனால் இன்னும் அழைக்கிறார்கள். சிறுவயதில் ஊசி பெற்ற பெண் நீண்ட இடைவெளி விட்டுப் போவதில் நியாயம் இருக்கிறது.

14. கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. / எனக்கு 68 வயசு. / நான் முழுகாம இருக்கேன்.

கருப்பைவாயும் சேர்த்து எடுத்திருந்தால், அதுவும் புற்றுக்கு முந்தைய மாற்றம் காரணமாக இல்லையென்றால், பரிசோதனை தேவையில்லை. கருப்பைவாயை விட்டுவிட்டு எடுத்திருந்தால் தொடரும். அறுவைச் சிகிச்சைக் குறிப்பில் எது என்று இருக்கும்.

65-க்கு மேல், கடந்த பத்தாண்டில் தொடர்ந்து நார்மல் வந்திருந்தால் பல நாடுகள் நிறுத்திவிடுகின்றன. இதுவரை ஒருமுறைகூட எடுக்காதவர் கேட்டால், ஒன்று எடுப்பது பயனுள்ளதே. கர்ப்பிணிகளுக்கு வழக்கமான பரிசோதனையைப் பெரும்பாலும் பிரசவம் முடிந்து 12 வாரத்துக்குத் தள்ளுவார்கள். முன்பே மாற்றம் கண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

15. ஸ்மியர் எடுத்தாத்தான் கருத்தடை மாத்திரை எழுதித் தருவேன்னு டாக்டர் சொல்றாங்க.

கருத்தடை மாத்திரைக்கும் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கும் சம்பந்தமில்லை. மாத்திரைக்கு முன் பார்க்கவேண்டியது ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, ரத்தக்கட்டு, புகைப்பழக்கம் போன்ற விவரங்கள். உள்சோதனை தேவைப்படுவது கருப்பைக்குள் காப்பர்-டி போன்றதை வைக்கும்போது. அதற்கும் ஸ்மியர் முடிவு நிபந்தனை இல்லை.

ஒன்றைக் காட்டி மற்றொன்றை வாங்குவது சம்மதம் ஆகாது. ‘மாத்திரைக்கு இது மருத்துவரீதியாகத் தேவையா, எந்த வழிகாட்டுதலில் இருக்கிறது?’ என்று அமைதியாகக் கேளுங்கள். மாறாவிட்டால் வேறு மருத்துவரிடம் போங்கள், எழுத்தில் புகாரும் கொடுக்கலாம்.

16. வேற தொந்தரவுக்குப் போனேன். என்னைக் கேக்காமலே ஸ்மியரும் எடுத்துட்டாங்க. “உங்க நல்லதுக்குத்தானே”ங்கறாங்க.

நல்லதுக்கே செய்திருக்கலாம். ஆனாலும் கேட்டிருக்கவேண்டும். உள்சோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஸ்மியருக்கும் சேர்த்துக் கொடுத்ததாகாது. 6-ஆம் கேள்வியில் சொன்ன தொடர்படிகளுக்கெல்லாம் அது கதவைத் திறக்கிறது, அந்தக் கதவைத் திறப்பது உங்கள் உரிமை. மாதிரி இன்னும் ஆய்வகத்துக்குப் போகவில்லை என்றால் அனுப்பவேண்டாம் என்று சொல்லலாம். போய்விட்டது என்றால் முடிவைத் தெரிந்துகொள்வதே நல்லது. மயக்க மருந்துக்குப் போகும் முன்பும், எந்தெந்தச் சோதனைக்கு ஒப்புதல் என்று படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

17. அம்மா வரவே மாட்டேங்கறாங்க. எப்படியாவது கூட்டிட்டுப் போகணும். என்ன சொல்லி ஏமாத்தலாம்?

ஏமாற்றவேண்டாம். ‘சும்மா சர்க்கரை பார்க்க’ என்று அழைத்துப்போய் அந்தப் படுக்கையைக் காட்டினால், அம்மா உங்களை நம்பி மறுபடி எந்த மருத்துவமனைக்கும் வரமாட்டார்.

ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேளுங்கள். வெட்கமென்றால் பெண் செவிலியர் அல்லது 10-ஆம் கேள்வியின் வழி. வலி பயமென்றால் 8-ஆம் கேள்வி. ‘ஏதாவது இருந்துவிட்டால்?’ என்ற பயமென்றால், இது புற்றுநோய்க்கு முந்தைய நிலையைப் பார்ப்பது, அந்த நிலையில் சிகிச்சை எளிது என்று சொல்லுங்கள். எல்லாம் கேட்டபிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். 3-ஆம் கேள்வியில் உள்ள அறிகுறிகளை மட்டும் அவருக்குப் புரியும்படி சொல்லி, ‘இதில் எது வந்தாலும் அன்றைக்கே என்னிடம் சொல்லணும்மா’ என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

18. எனக்குப் போகணும். மாமியாரும் வீட்டுக்காரரும் “குடும்பப் பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்”ங்கறாங்க.

இதுவும் நெருக்கடிதான். போகச் சொல்லும் நெருக்கடியைப் பற்றிப் பேசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சம்மதம் சொல்ல வேண்டியவர் நீங்கள் மட்டும். கணவரின் கையெழுத்து இதற்குத் தேவையில்லை. முடிவை உங்கள் எண்ணுக்கு மட்டும் சொல்லும்படி, வீட்டுக்குத் தபால் வேண்டாம் என்று பதிவின்போதே கேளுங்கள்.

19. மாற்றம் இருக்குன்னு வந்துடுச்சு. இனி அவங்க சொல்றதையெல்லாம் ஒத்துக்கணுமா?

ஒவ்வொரு படியிலும் புதிதாகச் சம்மதம் கேட்கவேண்டும். முதலில் கொல்போஸ்கோப்பி: உருப்பெருக்கியால் பார்த்து, 3–5 சதவீத அசிட்டிக் அமிலம் தடவினால் சந்தேகப் பகுதி வெள்ளையாகத் தெரியும், அங்கிருந்து துளியளவு திசு எடுப்பார்கள். சில இடங்களில் அதே அமர்வில் வெட்டியும் எடுத்துவிடுவார்கள். இன்று பார்ப்பது மட்டுமா, சிகிச்சையும் உண்டா என்று உள்ளே போகும் முன் கேளுங்கள்.

திசு முடிவு சி.ஐ.என். (புற்றுக்கு முந்தைய மாற்றத்தின் நிலை) 1, 2, 3 என்று வரும், எண் கூடக்கூட மாற்றம் தீவிரம். 1 என்றால் பெரும்பாலும் கண்காணிப்பு போதும். 2-ல் ஏறத்தாழ பாதி இரண்டு ஆண்டுக்குள் தானே மறைவதாக 2018-ல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. இளம் வயதினருக்கு இன்னும் அதிகம். குழந்தை வேண்டுமென்று இருப்பவர் ஒழுங்காகச் சோதனைக்கு வந்து காத்திருப்பது ஏற்கத்தக்கது.

3-ல் எங்கள் குரல் மாறும். நியூசிலாந்தில் ஆக்லாந்தின் பெண்கள் மருத்துவமனை ஒன்றில் 1960-களிலிருந்து, 3-ஆம் நிலை மாற்றம் புற்றுநோயாகாது என்ற நம்பிக்கையில் பல பெண்களுக்கு முழுச் சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பெண்களுக்கு அது சொல்லப்படவில்லை. 1987-ல் இரு பெண்கள் பத்திரிகையில் எழுதி வெளிக்கொணர்ந்தார்கள், 1988-ல் நீதிபதி சில்வியா கார்ட்ரைட்டின் விசாரணை அறிக்கை வந்தது. பின்னாளில் எடுத்த கணக்கில், போதிய சிகிச்சை பெறாதவர்களில் 30 ஆண்டுக்குள் சுமார் 31 சதவீதத்தினருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. முழுச் சிகிச்சை பெற்றவர்களில் 1 சதவீதத்துக்கும் கீழே. முடிவு உங்களுடையதே. ஆனால் 3 என்று வந்தால் சிகிச்சை எடுத்துக்கொள்ளும்படி மனதாரக் கேட்டுக்கொள்கிறோம், இந்த எண்களை முன்னால் வைத்துக்கொண்டு.

20. யோசிச்சுப் பார்த்துட்டேன், எனக்கு வேண்டாம். திரும்பத் திரும்பக் கேக்காம இருக்க என்ன சொல்லணும்?

‘விவரங்களைப் படித்தேன். இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறேன். இதை என் பதிவில் குறித்துவையுங்கள். அறிகுறி வந்தாலோ மனம் மாறினாலோ நானே வருகிறேன்.’ இதை எழுத்தில் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். திட்டம் உள்ள நாடுகளில் அழைப்புப் பட்டியலிலிருந்து விலகப் படிவம் இருக்கும். ‘எல்லாப் பின்விளைவுக்கும் நானே பொறுப்பு’ என்று மிரட்டும் வாசகம் இருந்தால் அதை அடித்துவிட்டு, ‘தகவல் அறிந்து மறுக்கிறேன்’ என்று எழுதுங்கள். காரணம் சொல்லவேண்டிய கட்டாயமில்லை.

21. அப்படி எழுதிக் கொடுத்து ஒம்பது வருஷம் ஆச்சு. இப்ப போகலாமான்னு தோணுது. போனா திட்டுவாங்களா?

திட்டுவதற்கு யாருக்கும் உரிமை இல்லை. விலகல் எப்போது வேண்டுமானாலும் ரத்தாகும், ஒரு தொலைபேசி அழைப்பே பெரும்பாலும் போதும். விட்டுப்போன ஆண்டுகளுக்காக அடுத்தடுத்துப் பல டெஸ்ட் எடுக்கவேண்டியதும் இல்லை. ஒரு எச்.பி.வி. டெஸ்ட்டில் வைரஸ் இல்லை என்று வந்தால், தவறாமல் போய்வந்த பெண்ணைப் போலவே உங்களுக்கும் அடுத்தது 5 ஆண்டு கழித்துத்தான். நேரம் வாங்கும்போதே ‘எச்.பி.வி. டெஸ்ட்தானா, நானே எடுக்கலாமா, ஸ்பெகுலம் என்றால் சிறிய அளவு இருக்கிறதா’ என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். “ஏன் இத்தனை நாள் வரல?” என்று யாராவது கேட்டால், ‘இப்போது வந்திருக்கிறேன்’ என்று சொன்னால் போதும்.